ஷாக் அடித்தால் தொழில் வராது

மதுரையில் எந்த எலெக்ட்ரிக்கல் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “ரெண்டு தடவ ஷாக் வாங்குனாத்தாம்ப்பா கைக்கு வேலை வரும்.” வயரிங் ஆள் சொல்வார், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் சொல்வார். டி.வி. மெக்கானிக்காக இருந்த நானும் என்னிடம் வேலைக்கு வந்த பையன்களிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். அது பொய், பிள்ளைகளைக் கொல்கிற பொய்.

எனக்கு அது வந்த வழி இது. பதினேழு வயதில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்தேன். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன ஒரு கலர் டி.வி.யைத் திறந்து, பிக்சர் டியூபின் முதுகில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் விரலை விட்டேன். செட் ஓடும்போது அந்த இடத்தில் 25,000 வோல்ட் வரை நிற்கும். டியூபின் கண்ணாடியே கண்டன்சராகி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கை உதறிய வேகத்தில் முழங்கை இரும்பு ரேக்கில் மோதிக் கிழிந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, “இன்னைக்குத்தாண்டா நீ மெக்கானிக்” என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சார்ஜை எப்படி இறக்குவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘நம்ம உடம்பு தாங்கும்’ என்ற ஒன்றைத்தான் அன்று கற்றேன். அதைவிட ஆபத்தான பாடம் இந்தத் தொழிலில் கிடையாது.

இப்போது இதை எழுதவைத்தவன் திருநகரில் எங்கள் தெருப் பையன். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். லேசர் செய்தே தீருவேன் என்று ஆறு மாதமாக அலைகிறான். அவன் பிடித்திருப்பது நைட்ரஜன் லேசர். அதற்கு விலையுயர்ந்த படிகம் வேண்டாம், காற்றே போதும். நாம் மூச்சில் இழுப்பதில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே? இரண்டு உலோக விளிம்புகளுக்கு இடையே பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, நானோ விநாடிக் கணக்கில் சட்டென்று பாய்ச்சினால் அந்த நைட்ரஜனே 337 நானோமீட்டரில் புறஊதாக் கதிரை உமிழும். கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைத் தாளில் பட்டால் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைப் பார்க்கத்தான் அவனுக்கு ஆசை. பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். கல்யாணப் பத்திரிகையும் அக்ரிலிக் போர்டும் வெட்டுகிற மெஷின்கள் அந்த வழியில் வந்தவை. இப்படிப்பட்ட ஆசையை வேண்டாத வேலை என்று அதட்ட எனக்கு மனமில்லை.

அதட்ட வேண்டியது அவனுக்குக் கிடைத்த புத்திமதியை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சாமான் தேடிப் போனவனிடம் யாரோ ஒருவர் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளச் சொல்லி, “ஒரு தடவ அடிச்சிருச்சுன்னா பயம் விட்டுப் போயிரும்” என்றாராம். அது 2,000 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் தள்ளும். அதன் முதல் அடியே கடைசி அடி.

கொசு பேட் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதிலும் ஏறக்குறைய 2,000 வோல்ட்தான். சுவிட்சை விட்ட பிறகும் வலையைத் தொட்டால் சுரீர் என்கிறது, கையை உதறிவிட்டுப் போகிறோம். அதற்குள் இருப்பது சின்னக் கண்டன்சர். மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது 1 மைக்ரோஃபாரட். அதே வோல்ட்டில் சுமார் ஐம்பது மடங்கு அதிகமாகச் சேர்த்து வைக்கும். லேசரில் இன்னொரு வகையான ரூபி லேசரின் பிளாஷ் விளக்குக்கு அதே வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் போட்டால் 200 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நேராக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அதிர்ச்சி ஏறக்குறைய அவ்வளவுதான். நன்றாகத் துடிக்கிற இதயத்துக்கு அதைக் கொடுத்தால்? பேட்டில் வாங்கிய அனுபவம் இங்கே எதற்கு உதவும்?

“அப்ப நாங்கள்லாம் எப்படிக் கத்துக்கிட்டோம்?” என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அண்ணே, பிழைத்தவர்கள் மட்டும்தானே இன்று பேசிக்கொண்டிருக்கிறோம்? போனவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? ஏ.சி. கரண்ட் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விரல்கள் மடங்கி, பிடித்ததை விட முடியாமல் இறுகிக்கொள்ளும். அதில் அனுபவசாலி, கற்றுக்குட்டி என்ற பேதம் இல்லை. சித்திரை வெயிலில் வேர்த்த கையில் தோலின் தடை இன்னும் குறையும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் போட்டிருக்கிறோமே என்றால், அது மெயின் லைனில் கசிவைத்தான் பார்க்கும். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் ஒருவன் துடித்தாலும் அதற்குத் தெரியாது.

பையனுக்கு நான் முதலில் கொடுத்தது பென்சில். ரெசிஸ்டரின் மெகாஓமையும் கண்டன்சரின் மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் விநாடி வரும். 1 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 10 மெகாஓம் இருந்தால் பத்து விநாடி. அதற்குள் இறங்கிவிடும் என்று நினைக்காதே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போதும் நிற்கும். ஐந்தால் பெருக்கு, ஐம்பது விநாடி காத்திரு. அந்த ரெசிஸ்டர் போயிருந்தால் ஐம்பது நிமிஷம் காத்தாலும் நம்பாதே. இதைக் கற்க ஒரு ஷாக்கும் தேவைப்படவில்லை, ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

அடுத்து குச்சி. மூன்றடி பி.வி.சி. பைப், நுனியில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஒரு வயர், இன்னொன்று நேராக. இரண்டின் மறுமுனையும் எர்த்தில் போல்ட் போட்டு முறுக்கியது. முதலில் ரெசிஸ்டர் வழியாக இறக்க வேண்டும், பிறகு நேராகத் தொட வேண்டும், பிறகு கொக்கியை அங்கேயே மாட்டி விட்டுவிட வேண்டும். காலியான கண்டன்சரிலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும், வைகை மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி. இடது கை முதுகுக்குப் பின்னால். தனியாக ஒருநாளும் கூடாது.

அந்த மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் இப்போது என் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அவன் மில்லி ஆம்பியர் கணக்கில் மட்டும் கொடுக்கிற சின்ன சப்ளை ஒன்றைக் கட்டியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மேஜையில் கை வைக்கப் போனேன். கதவருகே மெயின் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவன் தங்கை, பத்தாவது படிக்கிறவள், “மாமா, கையை எடுங்க. குச்சி இன்னும் ஆணியிலதான் தொங்குது” என்றாள்.