தண்டவாளத்து ஓரத்துப் பெட்டி

சேத்தியாத்தோப்பு என்னும் ஊருக்கு ரயில் கிடையாது. நாலு திசைக்கும் சாலை உண்டு. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு உண்டு. அருகிலேயே வீராணம் ஏரி உண்டு. அந்த ஏரித் தண்ணீரைச் சென்னைப் பட்டணத்தார் 2004-ம் வருஷம் முதல் குழாய் வழியாக வரவழைத்துக் குடித்து வருகிறார்கள். சர்க்கரை ஆலையும் உண்டு. ரயில் மட்டும் இல்லை. ரயில் ஏறவேண்டுமென்றால் கிழக்கே சிதம்பரத்துக்கோ, மேற்கே விருத்தாசலத்துக்கோ, வடக்கே வடலூருக்கோ பஸ்ஸில் போய்ச் சேரவேண்டும்.

இப்படி ரயில் இல்லாத ஊரிலிருந்து புறப்பட்ட நமக்கு ரயில்வேயைப் பற்றி எழுத விஷயம் அகப்பட்டது ஒரு வேடிக்கைதான்.

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறி, வடலூரைத் தாண்டிக் கடலூர் மார்க்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு லெவல் கிராஸிங்கில் கேட் சாத்தியிருந்தது. நம் தேசத்தில் கேட் சாத்தியிருக்கும்போது ஜனங்களுக்கு உண்டாகும் அவசரம் வேறு எப்போதும் உண்டாவதில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினார். அதைக் கேட்டு ரயில் சீக்கிரம் வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை போலும். நமக்கு முன் வரிசையில் தகப்பனார் மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் மட்டும் அவசரப்படவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நின்ற ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டி, "அப்பா, அந்தப் பீரோவிலே என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"சும்மா இருடா. அது கவர்ன்மெண்டு பீரோ" என்றார் தகப்பனார்.

சாதாரணமாக இத்தகைய பதிலுடன் குழந்தைகளின் கல்வி முடிந்துவிடும். ஆனால் நம் அருகில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் விடவில்லை. சிக்னல் இலாகாவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "பீரோ இல்லை, தம்பி. அதற்கு லொகேஷன் பாக்ஸ் என்று பெயர். கேட்டுக்கும் சிக்னலுக்கும் நடுவிலே நிற்கிற தரகர் மாதிரி அது. இவன் சொன்னதை அவனிடம் சொல்லும். அவன் சொன்னதை இவனிடம் சொல்லும். மாற்றிச் சொன்னால் குடி கெட்டது" என்றார்.

ரயில் வந்தது, போயிற்று, கேட்டும் திறந்தது. ஆனால் பெரியவரின் வார்த்தை நம் மனத்தை விட்டுப் போகவில்லை. ரயிலில் பிரயாணம் செய்யும் நாம் எஞ்சினைப் பார்க்கிறோம், ஸ்டேஷனைப் பார்க்கிறோம், வடை விற்பவரை வெகு கவனமாகப் பார்க்கிறோம். நம் உயிரைக் காவல் காக்கும் இந்தப் பெட்டியை ஒரு நாளும் பார்ப்பதில்லை. ஆகவே இந்த வாரம் அதைச் சற்றுத் திறந்து பார்க்கலாம் என்று உத்தேசம்.

* * *

முதலில் மின்சாரம் அங்கே வந்து சேரும் வழியைச் சொல்லவேண்டும்.

சேத்தியாத்தோப்புக்கு வடமேற்கே இருக்கிறது நெய்வேலி. 1930-களின் நடுவில் அங்கே தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிற்பாடு தெரிந்தது. 1956-ம் வருஷம் நிலக்கரிக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1962-ம் வருஷம் அனல் நிலையத்திலிருந்து மின்சாரம் பிறந்தது. தென்னாட்டு மின்சாரக் கம்பி வலையில் நெய்வேலியின் பங்கும் கலந்து ஓடுகிறது.

அந்த வலையிலிருந்து ரயில்வேயின் சப்-ஸ்டேஷன் மின்சாரத்தை வாங்கி, தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட்டாகச் செலுத்துகிறது. 1931-ம் வருஷம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் முதன் முதலாக ஓடியபோது கம்பியில் இருந்தது 1,500 வோல்ட்தான். இந்த 25,000 வோல்ட்டை எஞ்சின் தாங்கும். சிக்னல் விளக்கு தாங்குமா? ஆகவே கம்பத்தின் மேல் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரை வைத்து அதை 240 வோல்ட்டாக இறக்குகிறார்கள். பிறகு ஸ்டேஷனில் பாட்டரியின் துணையோடு 110 வோல்ட்டாக்கி, பூமிக்குள் புதைத்த கேபிள் மூலம் தண்டவாளத்தோரப் பெட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்றாலும் சிக்னல் அணையாமல் இருப்பதற்காகவே பாட்டரி.

பெட்டிக்குள்ளே பியூஸ்கள், ரிலேக்கள், கம்பிகளைப் பிணைக்கும் டெர்மினல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். கேட்டைச் சாத்திப் பூட்டினால் ஒரு கம்பியில் மின்சாரம் ஓடி, ஒரு ரிலே மேலே எழும். அது எழுந்தால்தான் சிக்னல் பச்சையாகலாம். கேட் திறந்திருந்தால் ரிலே விழுந்து கிடக்கும். சிக்னல் சிவப்பாகவே இருக்கும். கம்பி அறுந்தாலும், பியூஸ் போனாலும், மின்சாரமே நின்றாலும் ரிலே கீழேதான் விழும். "எது கெட்டாலும் ரயில் நிற்கட்டும், ஓடவேண்டாம்" என்பதே இந்தச் சாஸ்திரத்தின் மூல மந்திரம். நம் சர்க்கார் காரியங்களில் எது கெட்டாலும் எல்லாம் நின்றுவிடுவதை நாம் குறை சொல்வது வழக்கம். இங்கே மட்டும் அதுதான் உத்தமமான குணம்!

* * *

"இரும்புத் தகட்டை மடித்து ஒரு கதவு வைத்தால் பெட்டி, இதில் என்ன பிரமாதம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் பெரியவரை அப்படித்தான் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, டில்லிக்குத் தைத்த சட்டையைக் கடலூரிலே போட்டுக்கொள்ள முடியுமா?" என்றார்.

உண்மைதான். லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி ஸ்தாபனமான ஆர்.டி.எஸ்.ஓ. இத்தகைய சாமான்களுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் வகுக்கிறது. இலக்கணம் தேசத்துக்கெல்லாம் ஒன்றுதான். ஆனால் பெட்டி நிற்கப்போவது ஏதோ ஓர் இடத்தில். அந்த இடத்து வெயிலும் மழையும் காற்றும் அதற்கென்று அளவெடுத்துச் செய்யும்படி கேட்கின்றன.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதத்தில் வெளியே 40 டிகிரி என்றால், மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதற்கு வெகு மேலே போய்விடும். பாட்டரியின் உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகையால் கூரைக்கு மேல் இன்னொரு கூரை வைத்து, நடுவே காற்றோட இடம் விடுகிறார்கள். வெளுத்த நிறம் பூசுகிறார்கள்.

அடுத்தது மழை. நேரே பெய்யும் மழை அவ்வளவு பொல்லாதது அல்ல; சாய்ந்த கூரையும் கதவைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட்டும் அதைத் தடுத்துவிடும். பொல்லாதது வேறொன்று. பகல் முழுவதும் காய்ந்த பெட்டியின்மேல் மாலையில் திடீரென்று மழை கொட்டும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சந்து பொந்து வழியாக ஈரக் காற்றை உறிஞ்சும். இரவில் அந்த ஈரம் முத்து முத்தாகக் கம்பிகளின் மேல் படியும். ஒரு சொட்டு மழை நுழையாத பெட்டியும் இப்படி உள்ளுக்குள்ளேயே நனைந்துவிடும்! இதற்காகச் சல்லடை வைத்த சுவாசத் துவாரம் வேண்டும். சில இடங்களில் ஈரம் படியாமலிருக்க உள்ளே சிறிய வெப்பக் கருவியும் வேண்டும்.

வெள்ளம் என்றால் இந்த ஜில்லாவுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2011 டிஸம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2015-ம் வருஷக் கடைசியில் வெள்ளம் ஊர் ஊராகப் புகுந்தது. ஆகவே பெட்டியைத் தரைமேல் வைத்தால் போதாது. அந்த இடத்தில் முன்பு தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, அதற்கு மேலே மேடை கட்டி வைக்கவேண்டும். ஊர்க் கிழவிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் அகப்படாது.

கடலூர்ப் பக்கம் போனால் உப்புக் காற்று. அங்கே சாதாரண இரும்பைக் காட்டிலும் துரு ஏறாத எஃகோ, பைபரோ மேல். பைபருக்கு இன்னொரு சிலாக்கியமும் உண்டு: பழைய இரும்பு வியாபாரியிடம் அதை விற்க முடியாது, ஆகவே திருடர்கள் அதை மதிப்பதில்லை. நெய்வேலிப் பக்கம் வந்தால் நிலக்கரித் தூசி. தூசியும் பனியும் சேர்ந்து படிந்தால், மின்சாரம் போகக்கூடாத இடத்தில் அதற்கு ஒரு குறுக்குப் பாதை உண்டாகிவிடும். இவை தவிர எறும்பு, பல்லி, எலி, எப்போதாவது ஒரு பாம்பு. கேபிள் நுழையும் துவாரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் இவர்கள் எல்லோரும் டிக்கட் இல்லாமலே குடியேறிவிடுவார்கள்.

பெட்டி எவ்வளவு காக்கும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு குறி உண்டு: ஐ.பி. என்ற எழுத்துக்களும் இரண்டு எண்களும். முதல் எண் தூசிக்கு. 6 என்றால் தூசியே நுழையாது. இரண்டாவது தண்ணீருக்கு, 5 என்றால் எந்தத் திசையிலிருந்து பீச்சியடித்தாலும் கெடுதலில்லை, 7 என்றால் அரை மணி நேரம் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் இந்த எண் புதுப் பெட்டிக்குத்தான். கேஸ்கெட் காய்ந்து வெடித்த பிறகும், கதவை ஒரு கம்பியால் கட்டி வைத்த பிறகும், தகட்டில் எழுதிய எண் அப்படியேதான் இருக்கும். பட்டம் வாங்கிய பிறகு படிப்பதை விட்டவர்களை நாம் பார்த்ததில்லையா?

* * *

இதுவரை சொன்ன பகைவர்கள் எல்லோரும் வெளியேயிருந்து வருபவர்கள். இவர்களைவிடக் கொடிய பகைவன் ஒருவன் உள்ளேயே இருக்கிறான். கம்பியின்மேல் தவறாக எழுதிய பெயர்தான் அவன்.

2023-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாலசோருக்கு அருகே பஹநாகா பஜார் ஸ்டேஷனை நெருங்கியது. நேரே போகலாம் என்று சிக்னல் பச்சை காட்டியது. ஆனால் தண்டவாளம் பக்கத்து லூப் லயனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி நின்றது. அதில் மோதிச் சிதறிய பெட்டிகள்மேல் எதிரே வந்த ஹவுரா எக்ஸ்பிரஸும் மோதியது. 290-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

காரணம் என்ன? அந்த டிரைவர் தவறு செய்யவில்லை. சிக்னல் சொன்னபடி நடந்தார். ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்து எழுதிய அறிக்கையில் கண்டது இது: அங்கே லெவல் கிராஸிங் பெட்டிக்குள் கம்பிகளின் பெயர்கள் வெகுகாலமாகவே தவறாக எழுதப்பட்டிருந்தன. யாரும் அதைக் கண்டுபிடித்துத் திருத்தவில்லை. அன்று கேட் சம்பந்தமாக வேலை செய்தபோது, பெயரை நம்பிக் கம்பியை மாற்றிப் பிணைத்தார்கள். தரகர் மாற்றிச் சொல்லிவிட்டார், குடி கெட்டது. அதே போன்ற கம்பித் தவறு 2022 மே மாதத்தில் வேறொரு ஸ்டேஷனில் நேர்ந்ததென்றும், அப்போதே பாடம் கற்றிருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அறிக்கை சொல்கிறது.

துருவைத் தடுக்கலாம், வெள்ளத்துக்கு மேலே மேடை கட்டலாம். பொய்யான பெயர்ச் சீட்டைத் தடுக்க எந்தக் கேஸ்கெட்டும் கிடையாது. வேலை செய்தவர் வரைபடத்தையும் திருத்தி, சீட்டையும் திருத்தி, இன்னொருவரைக் கொண்டு பரிசோதித்து, அதன் பிறகே கதவைப் பூட்டவேண்டும்.

பெட்டி கெட்டால் ஆபத்து; பெட்டியே கேட்டுடன் இணையாவிட்டாலும் ஆபத்து. 2025-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி காலை, கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட வான் தண்டவாளத்தைக் கடந்தது. ரயில் மோதி மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அந்த கேட்டுக்கும் சிக்னலுக்கும் அப்போது இணைப்பு இருக்கவில்லை. ஸ்டேஷன்காரரும் கேட்காரரும் டெலிபோனில் பேசிக்கொள்வதே காவலாக இருந்தது. இணைப்பு இருந்திருந்தால், கேட் திறந்திருக்கும் வரையில் சிக்னல் சிவப்பாக இருந்து ரயிலை நிறுத்தியிருக்கும். ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கி வரும் போக்குவரத்துக் கணக்கு 10,000-ஐத் தாண்டினால்தான் இணைப்பு என்றிருந்த விதியை, அதன் பிறகு 5,000 என்று குறைத்தார்கள். குறைத்தது நல்ல காரியம். மூன்று குழந்தைகளின் உயிரைக் கொடுத்து அதை வாங்கவேண்டியிருந்ததுதான் மனத்தை அறுக்கிறது.

* * *

விருத்தாசலத்துக்குத் தெற்கே, அரியலூர் அருகில், 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் நிலைகுலைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தாமே பொறுப்பு என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். அந்தப் பாலத்தை அவர் கட்டவுமில்லை; அந்த வெள்ளத்தை அவர் வரவழைக்கவுமில்லை.

அந்தப் பொறுப்புணர்ச்சியில் ஒரு துளி, தண்டவாளத்து ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு பெட்டியின் கதவுக்குள்ளும் இருக்கவேண்டும் என்பதே நம் பிரார்த்தனை. அது பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சினீயரிடம் இருக்கவேண்டும். தகட்டை மடிக்கும் தொழிலாளியிடம் இருக்கவேண்டும். நள்ளிரவில் டார்ச் விளக்குடன் போய்க் கம்பியில் பெயர்ச் சீட்டு மாட்டும் சிப்பந்தியிடம் எல்லோரையும்விட அதிகமாக இருக்கவேண்டும். அவருக்கு வேண்டிய நேரத்தையும் தூக்கத்தையும் கொடுக்கவேண்டிய பொறுப்பு மேலதிகாரிகளுடையது. "சீக்கிரம் முடி, ரயில் காத்திருக்கிறது" என்று அவரை விரட்டாமல் இருக்கவேண்டிய பொறுப்பு, பஸ்ஸில் ஹாரன் அடிக்கும் நம்முடையது.

அடுத்த தடவை கேட் சாத்தியிருக்கும்போது, நேயர்கள் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். "அதிலே என்ன இருக்கு?" என்று அவர்கள் கேட்டால், "சும்மா இரு" என்று சொல்ல வேண்டாம். "நாம் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேருவது அதிலே இருக்கிறது" என்று சொல்லுங்கள்.