கடைசி மாத்திரை வரைக்கும்

கேன்சர் என்பது காசுள்ளவன் வியாதி என்கிற நெனப்பு நம்ம தெருக்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. எண்பதுகளின் சினிமா போட்ட விதை அது. பெரிய பங்களா, கதாநாயகன் கைக்குட்டையில் ரத்தம், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 'இன்னும் ஆறு மாசம்' என்பார். ரேஷன் அரிசி தின்று வளர்கிற புள்ளைக்கும் அந்த நோய் வரும் என்று எந்தப் படம் காட்டியது? ஆனால் வருகிறது. மூணு வயசில், அஞ்சு வயசில் வருகிறது. பெரியவர்களுக்கு வருகிற புற்றுநோயில் பலவற்றுக்குப் புகையிலை, சாராயம் என்று காரணம் காட்டலாம். குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. பெத்தவள் செய்த பாவம் இல்லை, சாமி குத்தம் இல்லை, தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்கிவைப்பது எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இதை முதலில் நம்ம தெருவில் உரக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சேதி, இந்த நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பல இடங்களில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. இதை 2030க்குள் 60 சதவீதமாகவாவது உயர்த்துவோம் என்று அந்த நிறுவனம் 2018ல் இலக்கு வைத்தது. நோய் ஒன்று, மருந்தும் பெரும்பாலும் ஒன்று. எங்கே, யாருக்குப் பிறந்தாய் என்பது மட்டும்தான் வேறு. பிறப்பை வைத்து உயிருக்கு விலை போடுவது நமக்குப் புதுசா, தோழர்களே?

மருந்து இல்லாமலா நம்ம புள்ளைங்க சாகிறார்கள்? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012லிருந்து நடக்கிறது. 2018ல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைத்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இந்த வைத்தியம் இருக்கிறது. அடையாறில், புதுச்சேரி ஜிப்மரில், வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் பணம் திரட்டி 1954ல் 12 படுக்கையோடு தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஊரார் போட்ட காசில் எழுந்த கட்டடம் அது. அங்கே போய் நிற்பதற்கு யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

மருந்துக்கு அட்டை இருக்கிறது. அந்த வாசல்வரை போய்ச் சேருவதற்கு என்ன இருக்கிறது? 2021லிருந்து பெண்களுக்குப் பஸ் இலவசம் என்கிறோம். அது டவுன் பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் போகிற தாய்க்கு டிக்கெட் உண்டு. அப்பன் கொத்து வேலைக்குப் போனால்தான் வீட்டில் இருக்கிற மத்த புள்ளைங்களுக்குச் சோறு. அம்மா வார்டில் கிடந்தால் அவள் கூலியும் போச்சு. குழுக்கடன் தவணை வசூலிக்கிறவன், புள்ளைக்குக் கேன்சர் என்று சொன்னால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட மாட்டான். ஆட்டை விற்று, தோட்டை அடகு வைத்து, அதுவும் தீர்ந்த பிறகுதான் வைத்தியத்தின் நடுப்பகுதியே வரும்.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிற ரத்தப்புற்று வகைக்கு ரெண்டரை வருஷம் போல வைத்தியம் நடக்கும். முதல் நாலைந்து வாரக் கீமோவிலேயே பெரும்பாலான புள்ளைங்க ரத்தத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. புள்ள எழுந்து ஓடுது, சோறு கேக்குது. 'சரியாப் போச்சு, இனிமே எதுக்கு அலையணும்' என்று வீட்டில் பேச்சு வருகிறது. நோய் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. அதை வேரோடு எடுக்கத்தான் மாதக்கணக்கில் ஊசி, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை. பாதியில் விட்டால் திரும்பி வரும். திரும்பி வந்தது முன்னைப்போல மருந்துக்கு அடங்காது. நம்ம சனம் கழன்றுகொள்கிற இடம் இதுதான். அதை 'அறியாமை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ரெண்டு வருஷக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு அறியாமை என்று பேர் வைத்தால் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா?

ரூம் விஷயத்துக்கு வருவோம். கீமோவில் இருக்கிற குழந்தைக்கு வெள்ளணு இறங்கிப்போகும். அப்போது காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், உடனே ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். அதனால்தான் டாக்டர்கள் பக்கத்திலேயே தங்கச் சொல்கிறார்கள். தண்ணியைக் கொதிக்கவைக்கணும், சுடச்சுட ஆக்கிக் கொடுக்கணும், கடைச் சோறு ஆகாது. பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது? ஒரு குடும்பத்துக்காக நான் ரூம் தேடி அலைந்தேன். முதல் வீட்டில், 'நோயாளி வேண்டாம்.' ரெண்டாவது வீட்டில், 'எந்த ஊரு?' சொன்னோம். 'ஊர்ல எந்தத் தெரு?' தெருவைக் கேட்பது எதற்கென்று எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். மூணாவது வீடு கிடைத்தது, கூடுதல் வாடகைக்கு.

தங்க இடமும் சோறும் வழிச்செலவும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி மும்பையில் இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஒரு காலத்தில் அஞ்சில் ஒரு குழந்தை வைத்தியத்தை மறுத்தோ பாதியில் விட்டோ போய்க்கொண்டிருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்குமிடம், சத்துணவு, பண உதவி, வராத குடும்பத்தை போனில் கூப்பிட்டு விசாரிக்க ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது நூற்றுக்கு அஞ்சு என்கிற அளவுக்கு இறங்கியது. புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சோறும் பாயும் பஸ் காசும், 'ஏம்மா வரல?' என்று கேட்க ஒரு குரலும்தான்.

அப்படியானால் பணம் திரட்ட வேண்டும். எப்படித் திரட்டுவது என்பதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது. செல்போனைத் திறந்தால் குழாய் செருகிய குழந்தையின் முகம், கதறுகிற தாய், கீழே பணம் அனுப்ப வழி. ஒரு வார்டில் துணைக்கு இருந்தபோது பழம் கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. கேமராக்காரர் சொன்னார், 'தொப்பியக் கழட்டச் சொல்லும்மா, தலை தெரியணும்.' அந்த அம்மா கழட்டினாங்க. அவங்க போனப்புறம் என்னிடம் சொன்னாங்க: 'அடுத்த வாரம் ரத்தத்துக்கு இவங்ககிட்டதானே நிக்கணும்.' ஒரு ஆப்பிளுக்குப் புள்ளையின் மொட்டைத்தலை விலை. இதற்குப் பேர் கருணையாம்.

இப்படித்தான் செய்தாக வேண்டுமா? இதே நோய்க்கு உலகம் அறிய நடந்த ஆரம்பகால வசூல் ஒன்றைப் பாருங்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்கிற மருத்துவர் ரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்கு மருந்தால் தற்காலிகமாகவேனும் குணம் கொண்டுவர முடியும் என்று 1948ல் காட்டினார். அந்த மருந்தைத் தயாரித்துத் தந்த குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டு மே மாதம், ஃபார்பரிடம் வைத்தியத்தில் இருந்த ஒரு சிறுவனை வைத்து அமெரிக்க வானொலியில் நிதி கேட்டார்கள். அவன் நிஜப்பேரைச் சொல்லவில்லை, 'ஜிம்மி' என்றார்கள். அவன் அழவில்லை, தனக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்களோடு பேசினான். ஆட்டம் பார்க்க ஒரு டிவி பெட்டி கேட்டார்கள். அந்த ஆண்டு சேர்ந்தது 2 லட்சத்து 31 ஆயிரம் டாலருக்கு மேல். அந்தப் பையன் பிழைத்து, வளர்ந்து, 50 வருஷம் கழித்து 1998ல்தான் 'நான்தான் அது' என்று உலகத்துக்குத் தெரிந்தது. முகத்தை விற்காமலும் காசு சேரும்.

இன்னொன்று. 1962ல் அமெரிக்காவின் தெற்கே, நிறவெறி கோலோச்சிய மெம்ஃபிஸ் நகரில் செயிண்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. தொடங்கியவர் லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த டேனி தாமஸ் என்கிற நகைச்சுவை நடிகர். கட்டடத்தை வரைந்து தந்தவர் பால் வில்லியம்ஸ் என்கிற கருப்பர், கூலி வாங்கவில்லை. கருப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே இடத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்திடம் பில் நீட்டுவதில்லை. நிதி கொடுத்ததில் முன்னே நின்றவர்கள் அரபு நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தனக்கென்று ஒரு இடம் கிடைக்காத சனம் ஒன்றுசேர்ந்து எல்லாக் குழந்தைக்கும் இடம் உண்டாக்கியது.

'இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம எறங்கினா என்.ஜி.ஓ. வேலையாயிடும்' என்று தோழர்கள் சொல்வார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதுதான். புற்றுநோய் பார்க்கிற ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலும் அடுப்படியோடு தங்குமிடம் கேட்போம். வைத்தியம் முடிகிறவரை தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி இழப்பீடு கேட்போம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தே கேட்போம். ஆனால் அந்த அரசாணை வருகிறவரைக்கும் அஞ்சு வயசுப் புள்ள காத்திருக்குமா? தர்மத்தில் கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே. நாம செய்வது அதுவல்ல. சாவு வீட்டுக்குத் தெருவே கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்கிற பழக்கம் நம்மகிட்ட உண்டு. சாவுக்குச் சேர்கிற காசை ஏன் பிழைப்பதற்குச் சேர்க்கக் கூடாது?

என்ன செய்யலாம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மாதாமாதம் சின்னத் தொகை, நிறைய பேர். புள்ளையின் பேரோ படமோ நோட்டீசில் வேண்டாம். கணக்கைத் தெருக்கூட்டத்தில் வாசிக்கணும். அந்தக் குடும்பமும் கேள்வி கேட்கிற இடத்தில் உட்காரணும். காசு போக வேண்டியது கூலிக்கு, பஸ்ஸுக்கு, ரூமுக்கு, ஒரு அடுப்புக்கு, ஒரு காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டருக்கு.

மாணவர்களுக்குக் காசில்லாத வேலை நிறைய உண்டு. காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். ஆபீஸ் ஆபீஸாக அலைவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வாங்கிக் கொடுங்கள். பிளேட்லெட் எடுத்தால் 5 நாளுக்கு மேல் தாங்காது. சேர்த்து வைக்க முடியாது, ஆள்தான் போய்க்கொண்டே இருக்கணும். 18 வயசும் 45 கிலோ எடையும் உடல்நலமும் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாசத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாசத்துக்கு ஒருமுறை. ஹாஸ்டலில் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தோழர் என்று பிரித்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் பேர் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடி கொட்டின புள்ளையை வகுப்பில் கேலி செய்தால் வாத்தியாரிடம் போய்ப் பேசுங்கள்.

நோயைச் சீக்கிரம் அடையாளம் காண்பதும் நம்ம வேலை. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளுத்துப்போன முகம், அடிபடாமலே நீலம் பாய்கிற தோல், ராத்திரியில் அழவைக்கிற எலும்பு வலி, கழுத்தில் கட்டி, வயிற்றில் கட்டி, கண்மணியில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. இதைப் பார்த்தால் வேப்பிலை அடிக்கப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பொம்பளப் புள்ளைக்கு வந்தாலும் கூட்டிப்போங்கள். இந்நோய் இயற்கையிலேயே ஆண் குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் இந்திய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் தெரிகிற இடைவெளி அதைவிடப் பெரிசு. அந்த வராத பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? ஊரைக் கேள்வி கேட்கிற நாம் நம்ம வீட்டையும் கேட்கணும்.

எல்லாரும் பிழைக்க மாட்டார்கள், அதையும் மறைக்க வேண்டாம். பிழைக்காத குழந்தைக்கும் வலியில்லாமல் போக உரிமை உண்டு. அதற்கு மருந்தும் உண்டு, கேட்டு வாங்கணும். அதற்கப்புறமும் அந்த வீட்டுக்குப் போகணும். அண்ணல் அம்பேத்கரும் ரமாபாயும் அஞ்சு பிள்ளைகளில் நாலு பேரைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்தவர்கள்; கடைசி மகன் ராஜரத்னா போனது 1926ல். அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிற எந்தச் சங்கமும், புள்ளை போன வீடு எப்படி இருக்கும் என்பது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்ல முடியாது.

உங்கள் தெருவில் ஒரு புள்ள இப்போது கீமோவில் இருக்கலாம். அடுத்த ஆஸ்பத்திரித் தேதி எப்போது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று அவர் வாயைத் திறந்து சொல்லும்முன் நீங்கள் கேளுங்கள். கடைசி மாத்திரை விழுங்குகிற நாள்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கள்.