முதுநிலை கற்ற செவிலியர் நோயாளியின் கட்டிலருகே நிலைபெற வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்: அரசு மருத்துவமனைகளில் பணிபுரியும் முதுநிலைச் செவிலியப் பட்டதாரிகளின் சங்கத்தார்.

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தார் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில், இரண்டாண்டுக் காலம் ஒரு துறையில் ஆழ்ந்து பயின்று பட்டம் பெறும் செவிலியர், தாம் கற்ற அத்துறையின் வார்டிலேயே, அதற்குரிய பதவியும் பொறுப்பும் ஊதியமும் பெற்று, நோயாளிகளுக்கு நேரிற் பயன்படும்படி அரசு ஏற்பாடு செய்தருள வேண்டும் என்பதே. இன்று அப்பட்டத்திற்குத் திறந்திருக்கும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். அது செவிலியப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் போதகர் பதவி. அவ்வாசலில் நுழையாதவர், பட்டயம் மட்டும் பெற்றவருக்குரிய அதே பதவியில், அதே ஊதியத்தில், இந்த மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அடுத்த மாதம் புறநோயாளிப் பிரிவின் ஊசி அறையிலுமாக மாறிமாறி வேலை பார்த்து, கற்றதைக் கைவிட்டு விடுகிறார்.

இந்நாட்டில் செவிலியக் கல்வி பல்கலைக்கழகத்திற்குள் புகுந்தது நேற்றைய சம்பவமன்று. சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு தன் அறிக்கையை வெளியிட்ட அதே 1946-ஆம் ஆண்டில் வேலூரிலும் டில்லியிலும் இளநிலைப் பட்ட வகுப்புகள் ஆரம்பமாயின. 1959-இல் டில்லியில் முதுநிலைப் படிப்பும் தொடங்கிற்று. பிற்காலத்தில் இந்திய நர்சிங் கவுன்சில், பெரும்பகுதி நேரத்தை நோயாளியின் அருகிலேயே செலவிட்டுப் பயிலும் தீவிர சிகிச்சைச் செவிலிய வல்லுநர் படிப்பு ஒன்றையும் வகுத்துத் தந்தது. ஆகவே கல்விக்குக் குறைவில்லை. கற்றவர் நிற்பதற்கு மருத்துவமனையில் ஸ்தானம் இல்லாததே குறை.

அக்கல்வியின் பிரயோஜனம் யாதென்று கேட்போர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவைக் கருதிப் பார்க்க வேண்டுகிறோம். வென்டிலேட்டர் பொருத்திய நோயாளி ஒருவருக்கு அழுத்த அலாரம் ஒலிக்கிறது. சளி அடைத்ததா, நோயாளி குழாயைக் கடிக்கிறாரா, குழாய் கீழிறங்கி ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றுப் போகிறதா, அன்றி நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்து நெருக்குகிறதா என்பதைச் சில நிமிஷங்களுக்குள் பகுத்தறிய வேண்டும். ஏனெனில் காரணம் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. சக்‌ஷன் குழாய் தடையின்றி இறங்குவதைப் பார்த்து, மார்பின் இருபுறமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, டியூட்டி டாக்டரிடம் "நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது, வாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "இடப்பக்கம் காற்றுச் சத்தம் இல்லை, மாலையில் உதட்டருகே 22 சென்டிமீட்டரில் இருந்த குழாய் இப்போது 24-இல் இருக்கிறது" என்று சொல்லக்கூடிய செவிலியர், நோயாளியின் உயிருக்கு எத்தனை பெரிய காவல் என்பதை அத்தகைய பிரிவில் ஓரிரவு இருந்தவர் யாவரும் அறிவர். மனநல வார்டில் லித்தியம் உட்கொள்பவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு கைநடுக்கம் மிகும்போது, அதை உணவுக் கோளாறென்று விட்டுவிடாமல், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்குமாறு மருத்துவரிடம் வற்புறுத்துவதும் இவ்வகை அறிவே.

இது எங்கள் அபிப்பிராயம் மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, பட்டம் பெற்ற செவிலியரின் விகிதம் 10 சதவீதம் கூடுந்தோறும், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்து காணப்பட்டதெனத் தெரிவித்தது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில் அக்குறைவு 7 சதவீதமாயிற்று. இவை இளநிலைப் பட்டத்தைப் பிரதானமாகக் கொண்டவை என்பதையும், காரணகாரியத்தை முற்ற நிரூபிப்பன அல்ல என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. மேலும் அதே ஐரோப்பிய ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுவதையும் காட்டிற்று. ஆகவே வார்டில் போதிய செவிலியரை நியமிக்காமல் பட்டதாரி ஒருவரை மட்டும் அமர்த்திவிட்டால் நோயாளிக்கு நன்மை விளைந்துவிடாது. எங்கள் கோரிக்கையைக் காலிப்பணியிடங்களை நிரப்பாதிருப்பதற்கு ஒரு சாக்காக யாரும் கொள்ளலாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

பட்டயம் பெற்று நீண்டகாலம் உழைத்த மூத்த சகோதரிகளின் கைப்பழக்கத்தைப் பட்டத்தால் அளந்துவிட முடியாது. எங்களில் பலருக்குப் பிரசவ அறையில் கை பிடித்துக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய பதவி உயர்வு வரிசையில் ஓர் இடத்தையேனும் நாங்கள் கேட்கவில்லை. மருத்துவர்களின் அதிகாரத்தைக் கவர்வதும் எங்கள் நோக்கமன்று. கொலராடோவில் 1965-இல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்தே செவிலிய வல்லுநர் பயிற்சியைத் தொடங்கினர் என்பதை, அவ்வாறு ஐயுறுவோர் நினைவிற் கொள்ளலாம்.

ஆதலால், முதற்கண், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சை, மகப்பேறு, பச்சிளங்குழந்தை, மனநலப் பிரிவுகளில் சிறப்புச் செவிலியர் என்ற தனிப் பதவியை உண்டாக்கி, அதன் கடமைகளையும் வரம்பையும் எழுத்து மூலம் வரையறுக்குமாறு வேண்டுகிறோம். இது கிட்டாவிடில் மற்றவை கிட்டியும் பயனில்லை. அப்பதவிக்கு, முதுநிலைப் பட்டத்தோடு அத்துறை வார்டில் பணியாற்றிய அனுபவமும் தகுதியாக வைக்கப்படுவதை நாங்களே விரும்புகிறோம். புதிய பதவிகளுக்குக் காலம் பிடிக்குமாயின், இப்போதே, செலவின்றி, ஒரு சுற்றறிக்கையால், முதுநிலை கற்றவரைத் தம் துறைக்குப் புறம்பான வார்டுகளுக்கு மாற்றுவதை நிறுத்தலாம். உயர்கல்விக்கென வழங்கப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020-ஆம் ஆண்டு அரசு ஊழியருக்கு நிறுத்தப்பட்டதால், இரவுப் பணிக்கிடையே படித்துத் தேறிய செவிலியர் அடைந்துள்ள மனச்சோர்வையும் கருதி, சிறப்புப் பதவிக்கென ஒரு தனிப்படி நிர்ணயித்தல் நியாயமாகும். மேற்படிப்புக்கு அனுமதி கோரும் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நிலுவையில் நின்று, சேர்க்கைக் காலமே கடந்துவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

முதற்படியாக ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டுக்கு இவ்வேற்பாட்டை நடத்திப் பார்க்க அரசு இசைந்தால், படுக்கைப்புண், குழாய் வழித் தொற்று, வென்டிலேட்டரில் இருக்கும் நாட்கள் ஆகியவற்றின் பதிவேட்டை முன்னும் பின்னும் பேணி ஒப்படைக்க எங்கள் உறுப்பினர்கள் சித்தமாயிருக்கிறார்கள். இதன் பொருட்டு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் ஆகியோர் முன்னிலையில் எங்கள் பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேசுவதற்கு ஒரு நாளைக் குறித்தருளுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்