செயலிக்குள் குடிபுகுந்த அலுவலகம்

தமிழகத்தில் கல்லூரிப் படிப்பின் நிர்வாகம் ஏறத்தாழ முழுவதுமாகக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தேர்வுக் கட்டணம், நுழைவுச்சீட்டு, வருகைப்பதிவு, அகமதிப்பீட்டு மதிப்பெண், மறுமதிப்பீட்டு விண்ணப்பம், தேர்வு முடிவு என அனைத்துக்கும் மாணவர் நுழைய வேண்டிய வாசல், பல்கலைக்கழகத்தின் இணையதளமோ செயலியோதான். அந்த வாசல் அடைபட்டால் வீணாவது சில நிமிடங்கள் மட்டுமல்ல; கெடு தவறினால் ஒரு பருவத்தேர்வே கைநழுவக்கூடும்.

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம். இந்தப் பெருமைக்குக் காரணமானவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். 'இந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும்?' என்று கேட்க, கல்லூரி வாசலை மிதித்த ஒருவர் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே, செயலியின் எளிமையை அழகியல் சார்ந்த விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அது சமவாய்ப்பு சார்ந்த கேள்வி.

செயலியைப் புதுப்பித்துவிட்டோம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவிக்கும்போது, பெரும்பாலும் மாறியிருப்பது நிறமும் முகப்புப் படமும்தான். உள்ளே சென்றால் பழைய அலுவலகம் அப்படியே வீற்றிருக்கும். தேர்வுப் பிரிவு, நிதிப் பிரிவு, கல்விப் பிரிவு என்று கட்டடத்தில் எத்தனை அறைகளோ, திரையில் அத்தனைப் பட்டியல்கள். ஒரு நிறுவனம் உருவாக்கும் கணினி அமைப்பு, அந்த நிறுவனத்தின் உள் தகவல்தொடர்பு எப்படி இருக்கிறதோ அதையே பிரதிபலிக்கும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். நம் மாணவர் செயலிகள் அதற்குக் கண்கூடான சான்று.

மாணவருக்கோ எந்தப் பிரிவு எதைக் கவனிக்கிறது என்பது தெரியவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவருடைய கேள்விகள் எளியவை: இன்று நான் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு கட்ட வேண்டும்? கடைசி நாள் எது? என் விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கிறது? இந்த நான்குக்கும் முதல் திரையிலேயே விடை கிடைக்குமானால், பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால், அதற்குத் தேர்வுப் பிரிவின் தரவும் நிதிப் பிரிவின் தரவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அது வடிவமைப்பாளரால் ஆகக்கூடிய காரியமன்று. பதிவாளர் எடுக்க வேண்டிய முடிவு.

கட்டணம் செலுத்தும் கட்டத்தைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் பணம் பிடித்தம் செய்யப்பட்டிருக்கும். செயலியோ 'செலுத்தப்படவில்லை' என்று காட்டும். மீண்டும் செலுத்துவதா, காத்திருப்பதா? காத்திருந்து கெடு முடிந்தால் அபராதம். இதே சூழலில் வணிகரிடம் யுபிஐ வழியே பணம் செலுத்துவோருக்குப் பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு சுற்றறிக்கையின்படி, வணிகருக்கு உறுதிப்படுத்தல் சென்றுசேராத தொகையை 5 நாள்களுக்குள் தானாகவே திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கித் துறையில் அமைப்பின் கோளாறுக்கு அமைப்பு பொறுப்பேற்கிறது. கல்வித் துறையில் மட்டும் அதன் சுமை மாணவர் தலையில் விழுவது என்ன நியாயம்? சர்வர் முடங்கிய நேரத்துக்கு ஈடாகக் கெடு தானாகவே நீள வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

தேர்வு முடிவு நாளின் நெரிசலும் விதிவசமன்று. அனைவரும் ஒரே நிமிடத்தில் நுழைவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். குறுஞ்செய்தி வழியாகவும் டிஜிலாக்கர் வழியாகவும் முடிவுகளை அனுப்பினால் ஒரே வாசலில் அனைவரும் முண்டியடிக்க நேராது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெரிந்த எவரும் அடுத்தவரின் மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம் என்ற நிலையும் மாற வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் இயற்றிய நாட்டில், பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பது முரண்.

அணுகல்தன்மை சலுகையல்ல, சட்டப்படியான கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைத் தெளிவாகச் சொல்கிறது. எண்மச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. திரைவாசிப்பான் படிக்க முடியாத பொத்தான்களையும், படத்தில் நெளியும் எழுத்துகளைக் கண்டறிந்து தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனையையும் வைத்துக்கொண்டு, பார்வையற்ற மாணவரை அடுத்தவர் உதவியை நாடச் செய்வது இந்தத் தீர்ப்பின் உணர்வுக்கு எதிரானது. தமிழில் பயன்படுத்தும் வசதியும் பட்டியலின் கடைசியில் வரக் கூடாது. குறைந்தபட்சம், பிழைச்செய்திகளும் கெடு அறிவிப்புகளுமாவது தமிழில் வேண்டும்.

ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதற்கெல்லாம் நிதிக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால், இப்போதும் ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணம் செலவழிக்கத்தான் செய்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்ற நீண்ட பட்டியல் இருக்கும். அவற்றை ஒரு மாணவரால் பயன்படுத்த முடிகிறதா என்ற சோதனை இருக்காது. 5 பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். மாணவர்களே நிறைந்திருக்கும் வளாகத்தில் 5 பேரைத் தேடிப் பிடிப்பதா கடினம்?

அந்த ஐவரில் ஒருவர் பார்வையற்றவராகவும், ஒருவர் விலைகுறைந்த கைப்பேசியும் பலவீனமான சிக்னலும் கொண்ட கிராமத்து மாணவியாகவும் இருக்கட்டும். யார் உதவியும் இல்லாமல் அவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டி ரசீது பெற்ற பிறகே, ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணை விடுவிக்கப்பட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை அடுத்த ஒப்பந்தத்தில் சேர்த்தாலே போதும். மற்ற மாற்றங்கள் தாமாகத் தொடரும் என்று நம்புகிறேன்.