பாபின் கேஸைக் கழற்றியது யார்?

பல வருடமாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன். ஒன்றிரண்டு சமையல் குறிப்பு அனுப்பியதோடு சரி. மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி 16 வருடம் ஆகிறது. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபாரம் எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் டியூஷன் பீஸுக்கு அவரிடம் கை நீட்டாமல் சமாளிக்கிறேன், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு நடந்தது இது. பதினோரு ஜாக்கெட் வெட்டி வைத்திருந்தேன். கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், எட்டாவது படிக்கும் என் மகள் மிஷினுக்கு அடியில் இருந்து பாபின் கேஸை எடுத்து, அதிலிருக்கும் கடுகு சைஸ் ஸ்க்ரூவையும் கழற்றி, அது பீரோவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் முதுகில் இரண்டு வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "ஊசி கீழ வரைக்கும் முழுசாப் போகாம, மேல் நூலும் கீழ் நூலும் எப்படிம்மா ஒண்ணா மாட்டிக்குது? அதைத்தாம்மா பாக்கணும்னு நெனச்சேன்."

"ரொம்ப அவசியம்! போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டினேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆர்டர் கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை வேறு. 14 வருடமாக அதே மிஷினில் தைக்கிறேன், அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை! தெரியவில்லை என்பதுகூட இல்லை தோழிகளே, அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே எனக்குத் தோன்றியது இல்லை.

ஆனால் நானும் ஒரு காலத்தில் கேள்வி கேட்டவள்தான். அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் பிரித்து, பேப்பரில் வைத்து வரைந்து பார்த்துத்தான் ஜாக்கெட் வெட்டவே கற்றுக்கொண்டேன். அப்புறம் தையல் வகுப்புக்குப் போனேன். அங்கே ஒரு நாள், கிராஸ் கட் துணி மட்டும் ஏன் இழுபடுகிறது, நேராக வெட்டினால் ஏன் இழுபடுவதில்லை என்று கேட்டேன். "சொன்னதை வெட்டும்மா, ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. (துணியின் நெசவு நூல்கள் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன, மூலைவாக்கில் இழுத்தால் அந்தச் சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்ந்து கொடுக்கின்றன, அதனால்தான் என்று இப்போது எனக்குத் தெரியும்.)

பொங்கலுக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். சின்ன வயதில் எந்த பொம்மைக் காரை வாங்கிக் கொடுத்தாலும் மறுநாளே கழற்றிப் போட்டுவிடுவான். "பெரிய இஞ்சினியரா வருவான்" என்று வீடே கொண்டாடும். நானும்தான் கொண்டாடினேன். அவன் கழற்றினால் மூளை, என் மகள் கழற்றினால் அடி. இதை எழுதவே கை கூசுகிறது.

அவன் இப்போது டிசைன் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதத் தயார் செய்கிறான். டிசைன் என்றால் எனக்குத் தெரிந்தது ஜாக்கெட் கை டிசைனும் கோலமும்தான். அவன் ஒரு கதை சொன்னான். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு தம்பதி இருந்தார்களாம். நாற்காலி செய்து உலகப் புகழ் பெற்றவர்கள். ரே என்கிற அந்த அம்மா ஓவியம் படித்தவர். ஆனாலும் பேரெல்லாம் வீட்டுக்காரருக்கே போனதாம். அமெரிக்கா என்றாலும் இந்த விஷயத்தில் நம்ம ஊர்தான் போலிருக்கிறது! 1941-ல் வாடகை பிளாட்டில் இருந்தபோது, மரத் தகட்டை வளைப்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மிஷின் செய்து, சைக்கிள் பம்பில் காற்றடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வேலையிலிருந்துதான், போரில் காயம் பட்டவர்களின் காலுக்கு வைத்துக் கட்டும் மரச் சிம்பும், பிற்பாடு நாற்காலிகளும் வந்தன.

நம் அரசாங்கம் அவர்களை இந்தியாவுக்கு அழைத்தது. ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து 1958-ல் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் கல்லூரி வந்தது. இந்தியாவில் பார்த்ததிலேயே அவர்கள் ரொம்ப மெச்சிய பொருள் என்ன தெரியுமா? தாஜ்மகால் இல்லை, பட்டுப்புடவை இல்லை. சொம்பு! நாம் புளி போட்டுத் தேய்க்கிற சாதாரணச் சொம்பு.

அதைப் பார்த்து அவர்கள் அடுக்கிய கேள்விகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தூக்குகிற கை ஆண் கையா, பெண் கையா? தலையில் வைத்தா, இடுப்பில் வைத்தா கொண்டு போவார்கள்? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் சாயாமல் நிற்குமா? உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா? சூடாக எதையாவது ஊற்றினால் பிடிக்க முடியுமா? இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன சத்தம் வரும்? தனி ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் இல்லை இது, தலைமுறை தலைமுறையாகப் பலபேர் கைபட்டு வந்த வடிவம் என்று எழுதினார்களாம். அந்தப் பலபேரில் நம் பாட்டிமார்களும் இருந்திருப்பார்கள்தானே? "வாய் சின்னதா இருக்கு, கை போகல" என்று பாத்திரக்காரரிடம் சண்டை போட்டவர்கள் அவர்கள்தானே?

அவன் ஊருக்குக் கிளம்பிப் போன அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். "வாடி, அந்த மிஷினைப் பாக்கலாம்" என்றேன். முதலில் வர மாட்டேன் என்றாள். தீபாவளியிலிருந்து அவள் மிஷின் பக்கமே வரவில்லை. என்னிடம் எதையும் கேட்பதையும் விட்டுவிட்டாள். அதுதான் என்னை ரொம்ப வாட்டியது. கெஞ்சித்தான் உட்கார வைத்தேன்.

மிஷினை மெல்லச் சாய்த்து வைத்து, மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, சக்கரத்தைக் கையால் துளித்துளியாகச் சுற்றினோம். ஊசி கீழே இறங்கி, திரும்பக் கொஞ்சம் மேலே ஏறும்போது, நூல் தொய்ந்து சின்ன வளையம் மாதிரி விரிகிறது. அந்த நேரம் பார்த்து அடியிலிருக்கும் கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வருகிறது. கீழ் நூல் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. மேலே இருக்கும் நெம்பு சட்டென்று இழுத்து இறுக்குகிறது. முடிச்சே கிடையாது, இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்வதுதான் தையல்! "அதான் ஊசிக் காது முனையிலேயே இருக்கா?" என்று கத்தினாள். கை ஊசிக்குக் காது தலைப்பக்கம், மிஷின் ஊசிக்கு முனைப்பக்கம். 1846-லேயே எலியாஸ் ஹோவ் என்கிற அமெரிக்கர் இப்படி முனையில் காது வைத்த ஊசியும் இரண்டு நூலும் கொண்ட மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று மறுநாள் அவளே தேடிப் படித்துச் சொன்னாள்.

மொத்தம் பத்து நிமிஷம்தான் ஆனது. வீட்டு வேலைக்கு நடுவே இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் லாபமும் உண்டு. முன்பு ஒரு தடவை தையல் விட்டுவிட்டு விழுந்தது. ரிப்பேர்க்காரர் வந்து ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ஊசியின் தட்டைப் பக்கம் கொக்கியைப் பார்த்து இருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் வளையம் விழும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

ஸ்க்ரூ தொலைந்ததற்குக் கோபப்பட்டது தப்பு என்று இப்பவும் நான் சொல்ல மாட்டேன். புது பாபின் கேஸ் வாங்க அலைந்ததில் மூன்று ஜாக்கெட்டை நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. ஒருவர் இன்னும் பேசுவதில்லை. பொருளைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும், அது வேறு. ஆனால் "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு", "இந்த வயசுக்கு மேல தெரிஞ்சு என்ன ஆகப் போகுது" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதை முதலில் சொல்வது பெரும்பாலும் பெண்களாகிய நாம்தான். மகளிடமும் சொல்கிறோம், நமக்கு நாமேயும் சொல்லிக்கொள்கிறோம். சமையல் கூடத்தில் மட்டும் இந்தப் பேச்சு இல்லை. அரிசி பழசா புதுசா, மாவு இன்றைக்குப் பொங்குமா என்று தினம் ஒரு பரிசோதனை செய்கிறோம். அதே மூளைதானே மிஷினுக்கும்?

நாங்கள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது என் மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். வயது 70. "என்னம்மா ரெண்டு பேரும் குனிஞ்சு பாக்குறீங்க?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் தள்ளு, எனக்கும் காட்டு" என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்காக இன்னொரு தடவை சுற்றினோம்.

மகள் இப்போது மிக்ஸியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறாள். பழைய மிக்ஸி ஒன்று பரணில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, இராஜபாளையம்.