மாற்றல் உத்தரவும் சம்பளமும்

வைத்திக்குப்பம் கடற்கரையில் இப்போது பெண் பிள்ளைகளும் பந்து உதைக்கிறார்கள். நாளைக்கு எங்கே ஆடுவார்கள்?

அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீக்கில் 2013 முதல் கல்லூரி வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுத்தன. பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. எந்த ஊர் பிடிக்கும் என்று பெண்ணைக் கேட்பதில்லை. மாற்றல் உத்தரவுக்குப் பயந்தே காலம் தள்ளிய குமாஸ்தா நான், அது புரியும். 2024-இல் வீராங்கனைகள் சங்கம் பேசி அதை ஒழித்தது. நல்லது.

ஆனால் மாற்றல் வந்தாலும் எனக்கு மாதச் சம்பளம் நிற்கவில்லை. நம் இந்தியப் பெண்கள் லீக்கில் அந்தப் பொறுக்கும் முறையே கிடையாது. ஆட்டமும் வருடத்தில் சில மாதம்தான். 2019-இல் மதுரை சேது அணி கோப்பை வென்றபோது ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் வேலை பார்த்தவர்.

அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் சோறு போடாது. வருடம் முழுக்கச் சம்பளம் கொடுங்கள். பெற்றவர்கள் தைரியமாக அனுப்புவார்கள்.