நிலத்தை மீட்டோம், பெயரை மீட்டோமா?



திருத்தணி இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றதெனில், அது தில்லி இரங்கித் தந்த ஈகை அன்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயன் அது. 1953இல் ஆந்திரத்தோடு வைக்கப்பட்ட திருத்தணி, படாசுகர் தீர்ப்பின்வழி 1960 ஏப்பிரல் முதல் நாள் நம்மிடம் மீண்டது.

அப்பகுதியிலுள்ள கே.ஜி.கண்டிகையைப் பாருங்கள். ஊர் தமிழூர், தலையிலோ ஆங்கில எழுத்து இரண்டு! இதையாவது ஊர்ப்பலகையை மாற்றித் துடைத்துவிடலாம். இதனினும் கொடிய தடையொன்று அவ்வூர் இளைஞரின் கணினிக்குள் அமர்ந்திருக்கின்றது.

இன்று வலைச்செயலியையும் அதற்கு வேண்டிய துணைநிரல்களையும் ஒரே கொள்கலத்தில் அடைத்து, முகிற்கணினிக் கொத்தில் ஏற்றி இயக்குகின்றனர். 'மூன்று படிகள் எப்போதும் ஓடுக' என்று ஆணைக்கோப்பில் எழுதிவிட்டால் போதும். ஒன்று வீழ்ந்தாலும் கொத்து தானே வேறொன்றை எழுப்பிக்கொள்ளும். இதை ஆளும் மென்பொருள் குபெர்நெட்டிசு. கூகுள் நிறுவனம் 2014இல் அதனை யாவர்க்கும் திறந்துவிட்டது. அப்பெயர் கிரேக்கச் சொல். கலஞ்செலுத்துவோன் என்பது பொருள். நாம் மீகாமன் என்றோமே, அவனே இவன்! கலம் நம் சொல். மீகாமன் நம் சொல். முகிலும் கொத்தும் நம் சொற்களே. ஆயினும் இக்கலையைத் தமிழில் கற்பிக்க இயலாதென்று ஆங்கிலப் பற்றாளர் பிதற்றுகின்றனர்.

இனி, உண்மைத் தடையைக் கேளுங்கள். கொத்தில் ஏற்றும் செயலிக்குக் 'கண்டிகை' என்று தமிழெழுத்தில் பெயரிட்டுப் பாருங்கள். பிழையென்று திருப்பியடிக்கும்! ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு, புள்ளி ஆகியவற்றுக்குள் பெயர் அடங்கவேண்டுமாம். இணைய முகவரிக்கு அன்று வகுத்த நெறியை இங்கும் பொருத்தியதன் விளைவு இது. மைக்ரோசாப்டின் முகில் நடுவம் 2015 முதல் சென்னையிலேயே இயங்குகின்றது. மண் நம் மண். மின்னாற்றல் நம் ஆற்றல். பெயர் மட்டும் நம் எழுத்தில் ஆகாதா?

'முகவரி நெறியை மாற்றவியலாது' என்பர். இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளுக்கு 2010, 2011ஆம் ஆண்டுகளிலேயே தமிழெழுத்தில் முகவரி ஈற்றுப்பெயர்கள் கிடைத்துவிட்டனவே! அங்கே மாந்தன் தமிழில் எழுதுகின்றான். உரோமன் குறியாக மாற்றும் சுமையைக் கணினி ஏற்கின்றது. அதையே இங்கும் செய்தாலென்ன?

செய்யவேண்டுவன மூன்று. குபெர்நெட்டிசின் விளக்கவுரைகளைச் சப்பானியரும் கொரியரும் தம் மொழியில் எழுதிக்கொண்டனர். இந்தியிலும் வங்காளத்திலும் அவை உள்ளன. நம் பொறியாளர் அவற்றை முழுமையாகத் தமிழாக்குக! ஆணைக்கோப்பின் குறிப்புரைப் பகுதி எவ்வெழுத்தையும் ஏற்கும்; அங்கே இன்றே தமிழை எழுதுக! பெயர்நெறியை மாற்ற, திருத்திய நிரலைக் கையிலேந்திச் சென்று வழக்காடுக! திறந்த மென்பொருளில் எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. திருத்தம் முன்வைக்கும் உரிமை எவர்க்கும் உண்டு.

எல்லைக்கல் தானே நகரவில்லை; நம்மவர் போராடி நகர்த்தினர். எழுத்தின் எல்லையும் அவ்வாறே நகரும். எழுக!